நிலத்தின் சொல்லைக் கேட்டவர்

நிலத்தைக் குறித்துத் தொடக்க நூல் மனிதனுக்கு இரு பணிகளைத் தருகிறது. முதல் அதிகாரத்தில், மண்ணுலகை நிரப்பி அதைத் தன் ஆளுகைக்கு உட்படுத்துமாறு அவன் பணிக்கப்படுகிறான். இரண்டாம் அதிகாரத்திலோ, ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் அவன் அங்கே வைக்கப்படுகிறான். முதற்பணி எல்லார்க்கும் மனப்பாடம். இரண்டாவதை நினைவிற் கொண்டோர் எத்தனை பேர்? ஆளப் பிறந்தோம் என்பதை மறவாத நாம், காக்கப் பிறந்தோம் என்பதை மட்டும் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இம்மறதியின் விளைவாக, இருபதாம் நூற்றாண்டில் நம் மறைநூலின் மீதே ஒரு கடுங்குற்றச்சாட்டு எழுந்தது. மண்ணையும் நீரையும் காட்டையும் மனிதன் பாழாக்கியதற்கு விவிலியமே வழிகாட்டியது என்றனர் அறிஞர் சிலர். 1967-ஆம் ஆண்டில் வரலாற்றாசிரியர் லின் ஒயிட் இக்கருத்தை வெளியிட்டார். அதே குற்றச்சாட்டை மேடைதோறும் முழங்கியவர் இன்னொருவர். அவர் வரலாற்றாசிரியரும் அல்லர், இறையியலாரும் அல்லர். நிலத்தை வடிவமைக்கும் கலையைத் தொழிலாகக் கொண்டவர். இயன் மெக்ஹார்க் என்பது அவர் பெயர். குற்றம் சாட்டுவோரைக் கண்டு முகம் திருப்பிக்கொள்வது விசுவாசிக்கு அழகன்று. அவர் யார், என்ன செய்தார், அவர் கூற்றில் மெய் எவ்வளவு என்று ஆராய்வதே நேர்மை. இம்மாதம் அதனைச் செய்வோம்.

கட்டடக் கலைஞர் வீட்டை வரைகிறார். நிலவமைப்புக் கலைஞரோ வீட்டுக்கு வெளியே உள்ளதை, அதாவது மண், மேடு, பள்ளம், நீரோட்டம், மரம், பாதை ஆகிய யாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறார். செல்வர் மாளிகையைச் சூழப் பூந்தோட்டம் அமைப்பதே இக்கலை எனப் பலர் எண்ணியிருந்த காலம் உண்டு. ஒரு நகரம் எங்கே எழலாம், எங்கே எழலாகாது என்று சொல்லும் பொறுப்பும் இக்கலைக்கு உண்டென நிலைநாட்டியோருள் முதல் வரிசையில் நிற்பவர் மெக்ஹார்க்.

அவர் 1920-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 20-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டில் கிளைடுபேங்க் என்னும் ஊரில் பிறந்தார். கப்பல் கட்டும் தளங்களுக்குப் பேர்போன ஊர் அது. அவ்வூரிலிருந்து ஒரு திசையில் நடந்தால் கரியும் புகையும் படிந்த கிளாஸ்கோ மாநகரம். மறு திசையில் நடந்தால் குன்றுகளும் ஓடைகளும் வயல்களும். இவ்விரு வழிகளிலும் நடந்து வளர்ந்த சிறுவனின் உள்ளம் எவ்வழியை நாடியது எனச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்று கவனிக்கத் தக்கது. நகரத்தை வெறுத்து ஓடிவிட அவர் விரும்பவில்லை. நகரத்து மக்களுக்கும் அக்குன்றுகளின் நலம் கிட்ட வேண்டும் என்றே விரும்பினார். அவரது வாழ்நாட் பணி முழுவதும் இவ்விருப்பத்தின் விரிவே.

இரண்டாம் உலகப் போரில் வான்குடைப் படையில் பணியாற்றி, இத்தாலியப் போர்முனையைக் கண்டு, மேஜர் பதவியில் விலகினார். 1946-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து நிலவமைப்புக் கலையும் நகரத் திட்டக் கலையும் பயின்றார். படிப்பை முடித்துத் தாயகம் மீண்ட இளைஞரைக் காசநோய் பற்றிக்கொண்டது. எடின்பரோவில் இருண்ட மருத்துவமனை ஒன்றில் அவர் மாதக்கணக்கில் நலிந்து கிடந்தார். பின்னர் சுவிட்சர்லாந்து நாட்டு மலைப்பகுதிக்கு மாற்றப்பட்டபோது, வெயிலும் தூய காற்றும் மலைக்காட்சியும் அவருக்கு உயிர் தந்தன. இயற்கை மனிதனுக்கு அழகுப்பொருள் மட்டுமன்று, நலவாழ்வின் அடிப்படையே என்பதை அவர் நூலில் படித்து அறியவில்லை, நோய்ப்படுக்கையில் அறிந்தார்.

1954-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. நிலவமைப்புக் கலைக்கென அங்கே ஒரு துறையை அவர் நிறுவினார். அத்துறையில் ஓவியம் வல்லாரோடு மண்ணியல், நீரியல், தாவரவியல் அறிந்தோரும் ஆசிரியராக அமர்ந்தனர். 1960, 1961 ஆண்டுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘நாம் வாழும் வீடு’ என்னும் பொருள்படும் தொடர் நிகழ்ச்சியை அவர் நடத்தினார். அறிவியலாரோடு பால் டில்லிக் போன்ற இறையியலாரையும் அழைத்து, இறைவன், மனிதன், இயற்கை என்னும் மூன்றிற்கும் உள்ள உறவு யாது என வினவினார். சமயத்தைச் சாடியவர்தாம், எனினும் சமயத்தோடு உரையாடாமல் இருக்க அவரால் இயலவில்லை. இதுவும் சிந்திக்கத் தக்கதே.

இனி அவருடைய தொழில் முறையைக் காண்போம். அதற்கு ஓர் எடுத்துக்காட்டு கடற்கரையிலிருந்தே கிடைக்கிறது. 1962-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள், தவக்காலத் தொடக்கத்தில், அமெரிக்காவின் கிழக்குக் கரையைப் பெரும்புயல் ஒன்று பல நாள் விடாது தாக்கியது. அது நிகழ்ந்த நாளை வைத்துச் ‘சாம்பல் புதன் புயல்’ என்றே இன்றளவும் அதனை அழைக்கின்றனர். நியூ ஜெர்சி மாநிலக் கரையில் ஆயிரக்கணக்கான வீடுகள் சேதமுற்றன. கடலின் சீற்றத்தை யாவரும் பழித்தனர். மெக்ஹார்க்கோ மணலை ஆராய்ந்தார்.

கடலோரத்து மணல்மேடு வெறும் மணற்குவியல் அன்று. அது நிலத்தின் அரண். அவ்வரணை நிலைநிறுத்துவது ஒருவகைப் புல். உப்புக் காற்று, வெயில், வறட்சி ஆகிய அனைத்தையும் அப்புல் தாங்கும். வீசும் மணலைத் தடுத்துப் பிடித்து, மேட்டை மேலும் உயர்த்தும். ஆனால் மனிதரின் காலடியை மட்டும் அது தாங்காது. ஓயாது மிதிபட்டால் புல் மடியும். புல் மடிந்தால் மணல் நகரும். மணல் நகர்ந்தால் கடல் உட்புகும். இதனை நன்கறிந்த ஒல்லாந்து நாட்டார் மணல்மேட்டைப் போற்றிக் காத்தனர். நியூ ஜெர்சியிலோ கடற்காட்சி வேண்டி மேட்டை அறுத்து அதன் மீதே வீடு கட்டினர். அரணை இடித்து அவ்விடத்தில் குடியிருந்தவர், பகைவன் வந்தபோது வியப்பதில் பொருளுண்டோ? மேட்டின் மீது நடவாதீர், கட்டாதீர். கடலுக்குச் செல்ல வேண்டின் மேட்டைத் தாண்டிப் பாலம் அமைத்துச் செல்லுங்கள். வீடுகளை மேட்டின் பின்புறத்தே அமையுங்கள் என்பது மெக்ஹார்க்கின் அறிவுரை. மணல்மீது வீடு கட்டிய மதிகேடனைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமையை நாம் ஆன்மப் பொருளிலேயே கேட்டுப் பழகியுள்ளோம். சொல்லுக்குச் சொல் நேர்ப்பொருளிலும் அது மெய்யே என்பதை அக்கரை காட்டியது.

அவருடைய புகழ்பெற்ற கருவி ஒளிபுகும் தாள். அதன் செயல்முறை எவரும் விளங்கிக்கொள்ளக் கூடியதே. நியூயார்க் நகரைச் சார்ந்த ஸ்டேட்டன் தீவில் பெருஞ்சாலை ஒன்று அமைக்கத் திட்டமிட்டனர். அக்காலப் பொறியாளர் தூரத்தையும் செலவையும் போக்குவரத்தையும் மட்டுமே கணக்கிடுவர். காட்டில் வீடு இல்லை, வழக்குத் தொடுப்பாரும் இல்லை; ஆகவே காடே மலிவான வழி என முடிவு கட்டிவிடுவர். மெக்ஹார்க் வேறு வழி கண்டார். நிலத்தின் சரிவுக்கு ஒரு தாள், மண்ணின் உறுதிக்கு ஒரு தாள், நீர் வடியும் பாங்குக்கு ஒரு தாள், காட்டுக்கு ஒன்று, வரலாற்றுச் சின்னங்களுக்கு ஒன்று, குடியிருப்புகளுக்கு ஒன்று எனத் தனித்தனியே வரைந்தார். சாலையால் எங்கே இழப்பு மிகுதியோ அங்கே அடர்ந்த நிறம் தீட்டினார். இழப்புக் குறைந்த இடத்தை வெளிற விட்டார். பின்னர் எல்லாத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒளியில் வைத்தார். இருண்ட பகுதிகளுக்கு நடுவே வெளிறிய பாதையொன்று தென்பட்டது. சாலை செல்ல வேண்டிய வழி அதுவே. காட்டை ஊடுருவிச் செல்லவிருந்த சாலைப்பகுதி இறுதிவரை கட்டப்படவில்லை. அவ்வூர் மக்கள் விடாது போராடியதும் அதற்குப் பெருங்காரணம். அக்காடு இன்றும் பசுமையாக நிற்கிறது.

1969-ஆம் ஆண்டில் இம்முறைகளையெல்லாம் தொகுத்து, ‘இயற்கையோடு இயைந்து வடிவமைத்தல்’ எனப் பொருள்படும் நூலை அவர் வெளியிட்டார். உலகெங்கும் நகரத் திட்டம் பயில்வோர்க்கு அது பாடநூலாயிற்று. இன்று கணிப்பொறியில் நிலப்படங்களை அடுக்கடுக்காக வைத்து ஆராயும் புவியியல் தகவல் முறைக்கு அவருடைய தாள்கள் ஒரு முன்னோடி. அமெரிக்க அரசு 1990-இல் தேசியக் கலைப் பதக்கமும், ஜப்பானிய நிறுவனம் 2000-இல் ஜப்பான் பரிசும் அவருக்கு வழங்கின. 2001-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் பெற்ற வெற்றியையும் அதற்கு நேர்ந்த கதியையும் ஒருங்கே காட்டுவது டெக்சாஸ் மாநிலத்து உட்லண்ட்ஸ் என்னும் நகரம். ஜார்ஜ் மிட்செல் என்னும் எண்ணெய்த் தொழிலதிபர் ஹியூஸ்டன் மாநகருக்கு வடக்கே பைன் மரக்காட்டில் புதுநகர் ஒன்றை எழுப்ப விரும்பினார். அந்நிலமோ சமதளம், மழைநீர் எளிதில் வடியாது. காட்டை அழித்துக் குழாய் பதிப்பதே வழக்கமான வழி. மெக்ஹார்க் குழுவினர் முதலில் மண்ணை ஆய்ந்தனர். நீரை உறிஞ்சும் மண் எங்கே, உறிஞ்சா மண் எங்கே எனப் பிரித்தறிந்தனர். உறிஞ்சும் மண்ணைத் திறந்தவெளியாக விட்டு, ஓடைக்கரை மரங்களைக் காத்து, புதைகுழாய்களுக்கு மாறாகப் புல் படர்ந்த ஆழமற்ற வாய்க்கால்களை அமைத்தனர். மழைநீர் ஓடி மறையாமல் நின்று நிலத்துள் இறங்கியது. செலவும் பெருமளவு குறைந்தது. 1974-இல் அந்நகரம் திறக்கப்பெற்றது. 1979-இலும் 1994-இலும் பெருமழை பெய்து ஹியூஸ்டன் பகுதி வெள்ளத்தில் தத்தளித்தபோது உட்லண்ட்ஸ் பெருஞ்சேதமின்றித் தப்பியது.

பின்னர் நிகழ்ந்தது என்ன? புல்வாய்க்கால் பார்வைக்கு ஒழுங்காக இல்லை என்று மக்கள் குறைகூறினர். சிமெண்டு ஓரம் கட்டிய தெருவும் புதைகுழாயுமே நாகரிகம் எனக் கருதினர். பின்னாளில் கட்டப்பட்ட பகுதிகளில் பழைய வழக்கமே பெரிதும் திரும்பியது. 1997-இல் மிட்செல் அந்நிறுவனத்தை விற்றார். 2017-இல் ஹார்வி புயல் வந்தபோது உட்லண்ட்ஸ் நகரின் சில பகுதிகளிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அப்புயல் வரலாறு காணாதது. எந்த வாய்க்காலும் அதனை முழுதும் தாங்கியிராது என்பதும் உண்மை. ஆயினும் ஒரு தலைமுறை அறிவோடு செய்ததை மறு தலைமுறை அழகு கருதிக் கைவிட்டது என்பது நமக்குப் பாடமன்றோ? நிலத்தைக் காப்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று. செபத்தைப் போல அதுவும் நாள்தோறும் புதுப்பிக்க வேண்டிய கடமை.

மெக்ஹார்க்கின் முறையில் குறையே இல்லையோ எனில், உண்டு. ஸ்டேட்டன் தீவின் தாள்களில் விலை மிகுந்த வீடுகள் அடர்ந்த நிறம் பெற்றன. விலை குறைந்த வீடுகள் வெளிறிய நிறம் பெற்றன. அதாவது, செல்வர் தெருவைச் சாலை விலகிச் செல்லும்; எளியவர் தெருவை நோக்கித் திரும்பும். பால்டிமோர் நகருக்கு அருகே 1963-ஆம் ஆண்டு முதல் அவர் வகுத்த பள்ளத்தாக்குத் திட்டம் மிகச் சிறந்ததே. பள்ளத்தாக்கின் தரையிலும் செங்குத்துச் சரிவிலும் கட்டாமல் மேட்டுச் சமவெளியில் கட்டுக என்றது அது. ஆயினும் அத்திட்டத்தை வேண்டிப் பெற்றவர் அங்கு நிலமுடைய வசதி படைத்தோரே. நிலத்தின் குரலைக் கூர்ந்து கேட்ட செவிக்கு ஏழையின் குரல் சற்றே மெலிதாகக் கேட்டது போலும். வெள்ளம் பாயும் தாழ்நிலத்தில் குடிசை போட்டவன் அறியாமையால் அங்கே போகவில்லை. மேட்டு நிலம் அவனுக்கு எட்டவில்லை. பள்ளத்தில் கட்டாதே என்று அவனுக்கு விதி சொல்லுமுன், எங்கே கட்டலாம் என்று இடம் காட்ட வேண்டுவது நீதி. பூமியின் அழுகுரலையும் ஏழையரின் அழுகுரலையும் ஒருசேரக் கேட்க வேண்டும் எனத் திருத்தந்தை பிரான்சிசு 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ என்னும் சுற்றுமடலில் வலியுறுத்துவது இக்குறையை நிறைவு செய்கிறது.

அதே சுற்றுமடல் பழைய குற்றச்சாட்டையும் நேர்முகமாக ஏற்று விடையளிக்கிறது. மனிதனின் ஆளுகை அழிப்பதற்கான உரிமை எனக் கிறித்தவர் சில வேளைகளில் தவறாகப் பொருள் கொண்டதுண்டு. அப்பொருள் திருச்சபையின் போதனையன்று என்று அது உரைக்கிறது. பண்படுத்தலையும் பாதுகாத்தலையும் பிரித்தல் ஆகாது என்கிறது. இது திடீரெனத் தோன்றிய ஞானமன்று. திருத்தந்தை ஆறாம் பவுல் 1971-இலேயே இயற்கையின் சீரழிவை எச்சரித்தார். லின் ஒயிட் தம் கட்டுரையில் சூழலியலாரின் பாதுகாவலராகப் புனித அசிசி பிரான்சிசுவை முன்மொழிந்தார்; பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1979-இல், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அப்புனிதரையே சூழலியலைப் பேணுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். குற்றம் சாட்டியவர் சொல்லிலும் உண்மையிருப்பின் ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மை தாய்த் திருச்சபைக்கு உண்டு.

மறைநூலைப் பொறுத்தமட்டில் மெக்ஹார்க் ஒரு பக்கத்தைப் படித்து மறுபக்கத்தைத் திருப்பாமல் விட்டார் என்றே நாம் கருதுகிறோம். நிலம் என்னுடையது, நீங்களோ அதில் தங்கியிருக்கும் அந்நியரே என்று லேவியர் நூலில் ஆண்டவர் இஸ்ரயேலுக்கு உணர்த்துகிறார். ஏழாண்டுக்கு ஒருமுறை நிலத்துக்கே ஓய்வுநாள் வழங்குமாறும் கட்டளையிடுகிறார். இத்தகைய மறைநூலா நிலத்தைக் கொள்ளையிடச் சொல்லும்? ஆனால் வாழ்க்கையைப் பொறுத்தமட்டில் அவர் கூற்றை மறுக்க நம்மால் எளிதில் இயலுமா? விவிலியத்தைக் கையில் ஏந்தாதவர், தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் இரண்டாம் பணியை வாழ்நாள் முழுதும் செய்தார். விவிலியத்தைக் கையில் ஏந்தியவர் பலரோ முதற்பணியோடு நின்றுவிட்டனர். ‘போகிறேன்’ என்று சொல்லித் திராட்சைத் தோட்டத்துக்குப் போகாத மகனும், ‘போக விருப்பமில்லை’ என்று சொல்லிப் பின்னர்ப் போன மகனும் நம் நினைவுக்கு வருகின்றனர்.

அன்பான குடும்பத்தாரே! நாம் நகரம் அமைப்போர் அல்லேம். ஆயினும் வீடு கட்டுகிறோம், மனை வாங்குகிறோம், ஆலய வளாகத்தைச் சீர்செய்கிறோம். மனை பார்க்கச் செல்லும்போது விலையையும் சாலையையும் விசாரிக்கும் நாம், மழைக்காலத்தில் நீர் எவ்வழி வந்து எவ்வழி போகும் என்று அவ்வூர் முதியவர் ஒருவரையேனும் வினவுவோமா? ஏரியின் உட்புறமும் வாய்க்காலின் கரையும் மலிவாகக் கிடைப்பதன் காரணத்தை எண்ணிப் பார்ப்போமா? வீட்டைச் சுற்றி ஒரு சாண் மண்ணும் தெரியாதபடி சிமெண்டுத் தளம் பரப்புவதைத் தூய்மை எனக் கொள்கிறோம். ஆலய வளாகம், கல்லறைத் தோட்டம், கெபிக்கு முன்னுள்ள திடல் ஆகிய எங்கும் இதே வழக்கம் பரவி வருகிறது. முழங்காலிட மண் உறுத்தும் என்பது சரியே. ஆனால் வானத்து மழைக்கு நிலத்துள் இறங்க ஒரு வாசலேனும் வேண்டாமா? வளாகத்தின் ஒரு பகுதியையாவது மண்ணாகவே விடுதலும், இருக்கும் மரத்தைத் தப்பவிட்டுச் சுவரைச் சற்றே வளைத்தலும், கூரைநீரைத் தெருவுக்குத் தள்ளாமல் கிணற்றுக்குத் திருப்புதலும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. கட்டடக் குழு கூடும்போது, செலவுக் கணக்கோடு நீர்க்கணக்கும் மரக்கணக்கும் மேசைமேல் வைக்கப்படட்டும். அத்தாள்களோடு இன்னொரு தாளும் சேரட்டும்: இதனால் பக்கத்துக் குடிசையில் இருப்பவனுக்கு என்ன நேரும் என்பதே அது.

பிள்ளைகளுக்கு என்ன தொழில் கற்பிக்கலாம் என்று வினவும் பெற்றோர் பலர். மருத்துவமும் பொறியியலும் மட்டுமே அவர்கள் கண்ணுக்குப் படுகின்றன. மண்ணையும் நீரையும் மரத்தையும் கற்று, ஊரைக் காக்கும் இத்தொழிலும் ஒரு சேவையே. இதில் நாட்டமுள்ள பிள்ளை உங்கள் இல்லத்தில் இருப்பின், தோட்டவேலைக்கா படிப்பு என்று தடுத்துவிடாதீர்கள். ஆண்டவர் முதல் மனிதனுக்குத் தந்த வேலை அதுவே. உயிர்த்தெழுந்த ஆண்டவரை மகதலா மரியா முதலில் தோட்டக்காரர் என்றே எண்ணினார் என்பதையும் நினைவு கூருங்கள்.

நிலத்தை ஆளுமுன் அதன் சொல்லைக் கேட்கும் பொறுமையையும், அதனைக் காக்கும்போதே எளியவனையும் காக்கும் நீதியையும் இறைவன் நம் குடும்பங்களுக்கு அருள்வாராக.